குடல் நோய் தசையைத் தாக்கும்போது

குரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் குடல் அழற்சி நோய்கள் என்று அழைக்கப்பட்டாலும், அவற்றின் பாதிப்பு குடலோடு நின்றுவிடுவதில்லை. மூட்டு, தோல், கண், பித்தநாளம் ஆகியவற்றில் அவை ஏற்படுத்தும் தொல்லைகள் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. தசை அழற்சியோ மிக அரிது. அதனாலேயே அது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது.

குடலின் உட்சுவர் சிதைந்து, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் கூறுகள் அதைக் கடந்து உள்ளே வரும்போது, நோயெதிர்ப்பு செல்கள் தூண்டப்பட்டு டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் எனும் புரதங்களைச் சுரக்கின்றன. இவை ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதும், குடலில் தூண்டப்பட்ட டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு செல்கள் பிற திசுக்களுக்குள் நுழைவதும் தசை பாதிப்புக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. சிலருக்குத் தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களே அழற்சிக்கு உள்ளாகின்றன. குரோன் நோயாளிகள் சிலரின் தசைத் திசுவில், குடலில் காணப்படுவது போன்ற கிரானுலோமா எனும் செல் திரள்களும் தென்பட்டுள்ளன.

பெரும்பாலும் பேசப்படுவது கெண்டைக்கால் வலிதான். வேறு சிலருக்குத் தொடையும் தோளும் வலுவிழக்கின்றன; அரிதாக, விழியை அசைக்கும் தசைகள் வீங்கி, பார்வை இரட்டையாகத் தெரிகிறது.

கெண்டைக்கால் வலித்து வீங்கினால் ஆழ்நாள ரத்த உறைவு, அதாவது காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைதல், இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். காய்ச்சலுடன் இடுப்பு வலித்தால், குடலுக்குப் பின்னால் உள்ள சோவாஸ் தசையில் சீழ் கட்டியிருக்கலாம். தொடர் வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தாலும் தசை தளரும். கிரியேட்டின் கைனேஸ் எனும் நொதியின் அளவு ரத்தத்தில் உயர்ந்திருந்தால் தசைச் சிதைவு என்று ஊகிக்கலாம். ஆனால் அழற்சி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அந்த அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். அப்போது தசையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும், தேவைப்பட்டால் தசைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும்தான் கைகொடுக்கும்.

அழற்சி உறுதியானால் ஸ்டீராய்டு பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. அது போதாதபோது அசத்தியோபிரின், இன்ஃபிளிக்சிமாப் போன்ற, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. சீழ்க்கட்டியை அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தாலோ, தொற்று மேலும் பரவும். இதைவிடச் சிக்கலானது, நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டே தசையை நலிவடையச் செய்யும் நிலை. அதில் வலி பெரிதாக இருப்பதில்லை, நொதி அளவும் பொதுவாக உயர்வதில்லை. அழற்சிக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். இந்த நலிவுக்கோ அதையே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.