குளிக்கிற தண்ணீரில் அந்த ஒரு மூடி எதற்கு?

ஒன்றரை வயதுக் குழந்தை. முழங்கை மடிப்பில் தோல் சிவந்து வறண்டிருக்கிறது. சொறிந்த இடத்தில் தேன் நிறத்தில் பொருக்கு. "தினமும் தண்ணியில ஒரு மூடி ஆன்டிசெப்டிக் ஊத்திதான் குளிப்பாட்டுறேன் டாக்டர், அப்படியும் கிருமி வந்துடுச்சு." அம்மா, ஊற்றியதும் ஒரு காரணம்.

தோலில் கிருமியே இருக்கக் கூடாது என்று நம்பவைத்தது விளம்பரம். தேய்த்துக் குளித்துவிட்டு வந்த தோலிலும் பாக்டீரியா இருக்கும், இருக்கவும் வேண்டும். தோல் காலி மனை இல்லை. அங்கே குடியிருப்பவை இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்வதால்தான் வெளியிலிருந்து வருவது சுலபமாகக் காலூன்ற முடிவதில்லை. மனையைக் காலி செய்தால் முதலில் கொட்டகை போடுவது ரவுடிதான்.

வெறும் இடப்போட்டி மட்டுமில்லை, ஆயுதமும் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் இருக்கும் க்யூட்டிபாக்டீரியம் என்ற பாக்டீரியா நம் சருமக் கொழுப்பை உடைத்துப் புரோபியோனிக் அமிலம் தருகிறது. தோலின் பிஎச் (7-க்குக் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 5-ஐ ஒட்டி இருப்பதில் அதற்கும் பங்குண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள், அதே இனத்தைச் சேர்ந்த, சீழ் வைக்கும் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைக் கொல்லும் புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன. கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்களின் தோலில் இந்தக் காவல் வகைகள் குறைவு என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூக்கில் வாழும் லுக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் லுக்டுனின் 2016-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கண்டறியப்பட்டது. அதுவும் ஆரியஸைக் கொல்லும். இவ்வளவு ஏன், சீழ்ப்புண்ணுக்கு நாங்கள் எழுதித்தரும் முபிரோசின் களிம்பே ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்ததுதான்!

இனி, தயவுசெய்து:

குளிக்கும் தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள். சாதாரண சோப்பின் பிஎச்சே 9, 10 இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும் சோப்பு போதும். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிடம். நார் போட்டுத் தேய்க்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

கை கழுவுவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மலம் கழித்த பின்னும் சாப்பிடும் முன்னும் 20 விநாடி சோப்பு கட்டாயம். ஆபரேஷனுக்கு முன் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போடுவதும் வேறு கணக்கு.

பொருக்கு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "எல்லாத்துக்கும் ஒரே டியூப்" களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தடவிக்கொண்டு மட்டும் வராதீர்கள். படர்தாமரையா கரப்பானா என்று எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகிறது.