வண்ணப் படத்தை நம்பும் முன் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பாருங்கள்

சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சி மாணவி பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை ராமன் மேப்பிங் செய்தார். அதாவது, புள்ளி புள்ளியாக லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியைக் கொண்டு எங்கே என்ன பொருள் இருக்கிறது என்று வண்ணப் படமாக வரைந்தார். நெறியாளரிடம் காட்டுவதற்கு முன் அந்த ஸ்லைடை என்னிடம் கொண்டுவந்தார். மாத்திரையின் நடுப்பகுதி சிவப்பு, ஓரம் முழுக்க நீலம். கீழே, “ஓரங்களில் மருந்து குறைவு” என்று எழுதியிருந்தார்.

ஓரத்தில் ஏதாவது ஒரு புள்ளியின் ஸ்பெக்ட்ரத்தைத் திறக்கச் சொன்னேன். சிதறிய ஒளி எவ்வளவு நிறம் மாறி, எந்த அளவுக்கு வந்தது என்று காட்டும் வரைபடம் அது. அதில் எழும் முகடுதான் பீக், அதன் இடத்தைச் சொல்லும் எண்ணின் அலகு செ.மீ⁻¹. பாராசிட்டமாலுக்கு உரிய 1648 பீக், நடுவில் இருந்ததில் கால்வாசிதான் இருந்தது. அதுவரை அவர் எழுதியது சரிதான். ஆனால் மாத்திரையில் மருந்தோடு கலந்திருக்கும் மாவுச்சத்துக்கு உரிய 478 பீக்கும் அதே கால்வாசிக்கு இறங்கியிருந்தது. மருந்து மட்டும் குறைந்திருந்தால் அந்த இடத்தை மாவுச்சத்து பிடித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் முதலில் ஃபோகஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாத்திரையின் முதுகு வளைவானது. நடுவில் ஃபோகஸ் வைத்து ஓட்டியதால், ஓரத்துக்குப் போகப் போக மேற்பரப்பு லேசரின் குவிமையத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது.

மேற்பரப்பைச் சமமாகச் செதுக்கினோம். மருந்தின் பீக்கை மாவுச்சத்தின் பீக்கால் வகுத்து மறுபடி வரைந்தோம். ஓரத்து நீலம் காணாமல் போனது. அதற்குப் பதில், மருந்துத் துகள்கள் திட்டுத்திட்டாக மாத்திரை முழுக்கச் சிதறிக் கிடப்பது தெரிந்தது. அவர் தேடிய விடை அதுதான்.

“சார், கலர் மேப் மட்டும் போதும்” என்று கேட்டு வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த மேப் கேமராவில் எடுத்த படம் அல்ல. பக்கத்துக்கு 100 புள்ளி என்று வைத்தால் 10,000 ஸ்பெக்ட்ரம். புள்ளிக்கு ஒரு விநாடி என்றாலே இரண்டே முக்கால் மணி நேரம். அத்தனையிலிருந்தும் ஒரே ஒரு எண்ணை எடுத்து நிறமாக மாற்றுகிறோம். எந்தப் பீக்கை எடுப்பது, பீக்குகளுக்கு அடியில் கிடக்கும் பின்னணியை, அதாவது அடிக்கோட்டை, எங்கே கழிப்பது, சிவப்பு எந்த மதிப்பில் தொடங்குவது, எல்லாம் நாம் முடிவு செய்வது.

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது மிக மெல்லிய ஒளி. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பங்கு வந்த நிறத்திலேயே திரும்பிவிடும். ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வரும். இவ்வளவு சன்னமான சமிக்ஞையில் அறையின் குழல்விளக்கு கூடக் கலந்துவிடும். 532 நானோமீட்டர் லேசரில் 484 செ.மீ⁻¹ பக்கம் ஊசிபோல ஒரு கோடு வந்தால், சாம்பிளில் புதுப் பொருள் தேடாதீர்கள். அது விளக்கிலுள்ள பாதரசத்தின் 546 நானோமீட்டர் கோடு. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

சமிக்ஞை போதவில்லை என்று லேசரின் சக்தியை ஏற்றுவது இன்னும் ஆபத்து. 1350, 1580 பக்கம் இரண்டு அகன்ற மேடுகள் எழுந்தால், “கார்பன் இருக்கிறது” என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சாம்பிள் கருகியிருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் அதே இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி தெரியும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை அதிக சக்தியில் அடித்தால் அது காற்றில் ஆக்ஸிஜனேறி ஹெமடைட் என்ற வேறோர் இரும்பு ஆக்சைடாகவே மாறிவிடும். 668 பக்கம் இருந்த பீக் மங்கி, 225, 292, 411 என்று புதிய பீக்குகள் முளைக்கும். நாமே உண்டாக்கிய பொருளை நாமே கண்டுபிடித்ததாக எழுதிவிடுவோம். மிகக் குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, பீக் இடம் மாறாத வரம்புக்குள் நில்லுங்கள்.

செல்களுக்கு வந்தால் மாத்திரையின் கதையே திரும்ப வரும். தட்டில் ஒட்டி வளரும் செல் கருவின் மேல் தடித்து, விளிம்பில் மெலிந்திருக்கும். 1004-இல் வரும் ஃபினைல்அலனின் பீக்கை மட்டும் வரைந்தால் நடுப்பகுதி பிரகாசமாகத்தான் தெரியும். அதில் எவ்வளவு புரதம், எவ்வளவு வெறும் தடிமன் என்று அந்த மேப் சொல்லாது. கொழுப்பின் 2850 பீக்கைப் புரதத்தின் 2930 பீக்கால் வகுத்துப் பார்த்தால் தடிமன் பெருமளவு அடிபட்டுப்போகும். கொழுப்புத் துளிகள் தனித்து நிற்கும். சாதாரண கண்ணாடி ஸ்லைடில் 785 நானோமீட்டர் லேசர் போட்டால் 1400 பக்கம் கண்ணாடியே ஒரு பெரிய மேடு கொடுக்கும், செல்லின் சின்ன பீக்குகள் அதில் மூழ்கிவிடும். கால்சியம் ஃபுளோரைடு ஸ்லைடு விலை கூடுதல்தான். ஆனால் அதில் 321-இல் ஒரே ஒரு பீக், மற்ற இடம் சுத்தம்.

மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் என இரண்டு மேப்பைப் பக்கத்தில் வைக்கும்போது நடக்கும் தவறுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மென்பொருள் ஒவ்வொரு மேப்புக்கும் அதனதன் குறைந்தபட்சம், அதிகபட்சத்தை வைத்துத் தானாக நிறம் பூசுகிறது. ஒரு மேப்பின் சிவப்பு 800 எண்ணிக்கை, இன்னொன்றின் சிவப்பு 3000 என்று இருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அளவுகோலை இரண்டுக்கும் ஒரே எண்ணில் பூட்டிவிட்டு, அதைப் படத்தின் ஓரத்தில் அச்சிடுங்கள்.

வெளி ஆய்வகத்தில் சாம்பிள் கொடுக்கிறவர்கள் மேப்போடு மூல ஸ்பெக்ட்ரம் கோப்பையும், சாம்பிள் மேல் விழுந்த லேசர் சக்தியின் அளவையும், கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க அன்று காலை எடுத்த சிலிக்கான் ஸ்பெக்ட்ரத்தையும் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் பீக் 520.5 பக்கம் இல்லை என்றால், கருவியைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.