மூலப் பிரச்சினை: வேரா, அடிமரமா?

பிணக்குகளை ஆராயும் பயிற்சிப் பட்டறைகளில் ஒரு மரம் வரையச் சொல்வார்கள். கிளைகள் விளைவுகள், வேர்கள் காரணங்கள், நடுவில் நிற்கும் அடிமரம் ‘மூலப் பிரச்சினை’. எனக்கு இடறுவது இங்கேதான். மூலம் என்றாலே வேர். அடிமரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, வேரையும் ‘மூல காரணம்’ என்றால் ஆட்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

‘பிரச்சினை’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கேள்வி என்று பொருள். கொழும்பில் சிங்களம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும்: ‘பிரஷ்னய’ என்றால் பரீட்சைத் தாளில் கேள்வி, வீட்டில் தொல்லை. தமிழில் கேள்வி உதிர்ந்து தொல்லை மட்டும் தங்கிவிட்டது. ‘தகராறு’ இன்னும் சுவையானது. அரபு ‘தக்ரார்’, திரும்பத் திரும்பச் செய்தல். ஒரே சண்டையைப் பத்துத் தரம் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நம்முடைய சொற்கள் சிக்கலும் பிணக்கும். தலைமுடியில் விழும் சிக்குதான் சிக்கல். பிணங்குதலுக்கும் மாறுபடுதலோடு பின்னிக்கிடத்தல் என்ற பொருள் உண்டு.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வீட்டுப் பிள்ளைகள் ஓடும் சத்தம் தாங்க முடியவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்கிறார். கீழ்வீட்டுக்காரர் தரிப்பிடத்தை மறித்துக் காரை விடுகிறார் என்று மேல்வீட்டுக்காரர் பதிலுக்குச் சொல்கிறார். இரண்டும் கிளைகள். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழே ஒழுகுகிறது, திருத்துவது யார் என்று முடிவாகவில்லை. அதுதான் அடிமரம். சுவருக்குள் போகும் பொதுக் குழாய்க்கு யார் பொறுப்பு என்று யாரும் எழுதி வைக்காதது வேர்.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறள் (948) நோயையும் அதன் முதலையும், அதாவது காரணத்தையும், வேறு வேறாகவே வைக்கிறது. அந்த வழியில் மூலப் பிரச்சினையை ‘அடிச்சிக்கல்’ என்றும், மூல காரணத்தைச் ‘சிக்கல்முதல்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது கொஞ்சம் இலக்கண வாடை அடிக்கிறது, ‘வேர்க்காரணம்’ என்றாலும் சரி.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரு தரப்பையும் பேசவைத்து இணங்கவைக்கப் பார்க்கும். அங்கே இந்தச் சொல் எதுவும் வேண்டியதில்லை. “சரி ஐயா, சத்தத்தை விடுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் எப்ப இருந்து கதைக்கிறதில்லை?” என்று ஒருவர் கேட்டால் போதும், தண்ணீர்க் கதை வெளியே வந்துவிடும்.