ஒரு பாக்கெட் உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

கிராமத்தில் ரத்த அழுத்த விழிப்புணர்வுக் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் வைத்தால் யார் வருவார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம். வயதானவர்களும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வருவார்கள். நாற்பது வயது ஆண்கள் அந்த நேரம் கொத்து வேலையிலோ செங்கல் சூளையிலோ இருப்பார்கள். பக்கவாதத்தில் அவர்கள் விழுந்தால் வீட்டு வருமானமே நின்றுபோகும். அதனால் நாங்கள் இருட்டிய பிறகு டீக்கடைப் பக்கம் போகிறோம். பெண்களுக்கு மகளிர் குழு கூடும் நாள், நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரம். மைக், பேனர், சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. (விருந்தினர் இல்லாத கூட்டம் சீக்கிரம் முடியும், ஊருக்கும் அதுதான் பிடிக்கும்.)

ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க ‘உப்பைக் குறையுங்கள்’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எங்க வீட்ல உப்பு கம்மிதான் டாக்டர்’ என்பார்கள். எனவே, ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேட்பேன். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ குறைந்தது 50 நாள் வர வேண்டும். ‘எங்களுக்கு இருபது நாள்கூட வராதே’ என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். வடித்த கஞ்சியோடு போவதையும், மாட்டுத் தண்ணீரில் போடுவதையும் கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் வழியாக வருவது அந்தப் பாக்கெட்டில் இல்லையே! இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான்.

முகாமில் அழுத்தம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை, வாயில் புகையிலையோடு, வரிசையில் நின்ற சூட்டிலேயே அளந்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி அளக்க வேண்டும். டீயும் புகையிலையும் அதற்கு முந்தைய அரை மணி நேரம் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் பார்த்துத்தான் பொதுவாக நோய் என்று முடிவு செய்கிறோம்.

எனக்கு அதிகம் கவலை தருவது மாத்திரையை நிறுத்துகிறவர்கள். ‘நார்மல்னு சொன்னாங்க, விட்டுட்டேன்’ என்பார்கள். நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான்! தலைவலியோ மயக்கமோ இல்லாததால் நோயே போய்விட்டதாக நினைக்கிறார்கள்; இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. முன்பு மாத்திரை வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் அந்தச் சிக்கலைப் பெருமளவு குறைத்தது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததெல்லாம் வாய்க்குள் போவதில்லை. அலமாரியில் பிரிக்காத அட்டைகள் அடுக்கியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

அதனால் மாத்திரை கொண்டுபோகும் எங்கள் தன்னார்வலர் அக்காக்களிடம் காலி அட்டையை வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். முகாமில் முதல் முறை அழுத்தம் அதிகமாக இருந்து மறுபடி வராதவர்களின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். அடுத்த மாதம் முதலில் போவது அந்த வீடுகளுக்குத்தான்.