ஜெர்ரிமாண்டர்: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

ஒரு கட்சி தான் ஜெயிக்க ஏதுவாகத் தேர்தல் தொகுதிகளின் எல்லையை வளைத்து வரைவதற்கு ஜெர்ரிமாண்டர் என்று பெயர். இந்த வேலையில் கள்ள ஓட்டுக்கு இடமில்லை, வாக்குப்பெட்டியை யாரும் தொடுவதுமில்லை. யார் யாரோடு சேர்ந்து வாக்களிப்பது என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிடுவதால், தேர்தல் நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முடிவு கோணலாக வரும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் சட்டென்று புரியும். 500 வாக்காளர்கள், தலா 100 பேர் கொண்ட 5 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். 260 பேர் எதிர்க்கட்சிக்காரர்கள், 240 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். எதிர்க்கட்சிக்காரர்களில் 80 பேரை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டு, மீதி 180 பேரை நான்கு தொகுதிகளுக்கும் 45 பேராகப் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? அந்த நான்கிலும் ஆளுங்கட்சி 55 வாக்கு வாங்கி ஜெயிக்கும். அதிக வாக்கு பெற்ற கட்சிக்கு ஒரே ஒரு இடம். குவிப்பதும் சிதறடிப்பதும்தான் இதிலுள்ள இரண்டு உத்திகள். எவ்வளவு பெரிய மாநிலமானாலும் இவற்றைக் கலந்துதான் செய்கிறார்கள்.

இந்தச் சொல் பிறந்த இடம் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம், வருஷம் 1812. அப்போதைய ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி. சின்ன ஆள் இல்லை. 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1787-இல் அரசமைப்புச் சட்டம் எழுதிய கூட்டத்தில் கடைசிவரை இருந்துவிட்டு, உரிமைகளுக்குத் தனிப் பட்டியல் இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி அதில் கையெழுத்துப் போட மறுத்தவர். அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்கும் கூட்டாட்சிவாதிகள் கட்சிக்கும் அந்த மாநிலத்தில் கடும் போட்டி. மாநில மேலவையைக் கைவிடக்கூடாது என்று அவருடைய கட்சியினர் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 11 அன்று கெரி அதில் கையெழுத்திட்டார். அவருக்கு அந்தச் சட்டத்தில் விருப்பமே இல்லை என்று பிற்பாடு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மருமகன் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அவர் தடுக்கவில்லை.

அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான் தெற்கு எஸ்ஸெக்ஸ் மேலவைத் தொகுதி. தெற்கே செல்சி, லின் ஊர்களில் தொடங்கி, கெரி பிறந்த மார்பிள்ஹெட், சேலம் (அங்கும் ஒரு சேலம் உண்டு) ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தின் மேற்கு ஓரமாகவே ஆண்டோவர் வழியாக வடக்கே ஏறி, மெர்ரிமாக் ஆற்றைத் தாண்டி மெத்துவனை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கடலோரத்துச் சால்ஸ்பரியில் போய் முடிந்தது. நடுவிலிருந்த நியூபரிபோர்ட், இப்ஸ்விச் முதலிய ஊர்களை விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றிக்கொண்டு போன தொகுதி அது.

மார்ச் 26 அன்று பாஸ்டன் கெஜட் பத்திரிகை அந்தத் தொகுதியின் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் நாக்கு நீட்டிய தலையும் வைத்துக் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. பார்க்க சாலமாண்டர் மாதிரி இருந்தது. சாலமாண்டர் என்பது பல்லியைப் போன்ற உடம்பும் தவளையைப் போல ஈரத்தோலும் கொண்ட ஓர் உயிர். நெருப்பிலும் சாகாது என்று ஐரோப்பியப் பழங்கதைகளில் அதற்கு ஒரு பேர் உண்டு. கெரியையும் சாலமாண்டரையும் ஒட்டவைத்து 'கெரிமாண்டர்' என்று தலைப்பிட்டார்கள். படத்தை வரைந்தவர் எல்கானா டிஸ்டேல் என்பது பொதுவான கருத்து. சொல்லை முதலில் சொன்னவர் யார் என்பதற்குப் பல கதைகள் உண்டு, எதற்கும் உறுதியான சான்று இல்லை. கெரி என்ற உச்சரிப்பு தெரியாதவர்கள் வாயில் அது நாளடைவில் ஜெர்ரிமாண்டர் ஆகிவிட்டது.

சித்திரத்தைவிட முக்கியம் தேர்தல் முடிவு. 1812 தேர்தலில் கெரி ஆளுநர் பதவியை இழந்தார். கீழவையும் கூட்டாட்சிவாதிகளிடம் போனது. மேலவைத் தேர்தலில் அவர்கள் பெற்ற வாக்குகள் 51,766. கெரியின் கட்சி பெற்றது 50,164. ஆனால் மேலவையின் 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்கு, 11 மட்டுமே கூட்டாட்சிவாதிகளுக்கு. மக்கள் மறுத்த கட்சி வரைபடத்தின் தயவில் மேலவையில் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டே மேலவையும் கைமாறி, தொகுதிப் பிரிவினை ரத்தானது. கெரி 1813-இல் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராகி, 1814-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். தெற்கு எஸ்ஸெக்ஸ் தொகுதி நிலைக்கவில்லை, சொல் நிலைத்துவிட்டது.

செயலும் நிலைத்துவிட்டது என்பதுதான் வருத்தம். 2018-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் தேர்தலில் ஜெயித்தது. கீழவைத் தேர்தலில் பதிவான வாக்குகளிலும் ஏறத்தாழ 53 சதவீதம் அதற்கே. எதிராளி நிற்காத தொகுதிகள் அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் ஊதிக் காட்டின என்பது உண்மை. அப்படியும் 99 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 36. காரணம், குடியரசுக் கட்சி 2011-இல் வரைந்த தொகுதிகள். 206 வருஷம் கழித்து அதே கதை. கட்சி ஆதாயத்துக்காக வரைந்த எல்லைகளைப் பற்றிய வழக்குகளில் மத்திய நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒதுங்கிக்கொண்டது. பிறகு விஸ்கான்சினின் சொந்த உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில், துண்டு துண்டாகக் கிடக்கும் தொகுதிகள் மாநில அரசமைப்புக்கு முரண் என்று அந்த மாநிலத்தின் வரைபடத்தைச் செல்லாததாக்கியது. புது எல்லைகளோடு 2024-இல் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 54, ஜனநாயகக் கட்சிக்கு 45 என்று முடிவு வந்தது. ஜெயித்த கட்சி மாறவில்லை, இடைவெளிதான் குறைந்தது.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'தொகுதி மறுவரையறை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. மறுவரையறை என்பது மக்கள்தொகை மாற்றத்துக்கு ஏற்ப எல்லைகளைத் திருத்தும் சட்டப்படியான வேலை. இந்தியாவில் அதற்காகவே 1952, 1962, 1972, 2002 சட்டங்களின் கீழ் ஆணையங்கள் அமைந்தன. நேர்மையாகவும் நடக்கக்கூடிய ஒரு வேலையின் பெயரை அதிலுள்ள மோசடிக்கு வைத்தால், நேர்மையான வேலைக்குப் பெயரில்லாமல் போகும். மோசடியும் மரியாதையான சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு தொகுதியில் 50,000 பேர், இன்னொன்றில் 5 லட்சம் பேர் என்று வைத்திருப்பதும் வேறு சங்கதி. அது தொகை ஏற்றத்தாழ்வு. ஜெர்ரிமாண்டரில் ஒவ்வொரு தொகுதியிலும் தலைகள் சரிசமமாகவே இருக்கலாம்.

'ஜெர்ரிமாண்டர்' என்று அப்படியே எழுதுவதிலும் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த 'மாண்டர்' தனியாகப் பிரிந்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பியெல்கே-பீட்டர்சன் ஆட்சிக் காலத்துத் தொகுதிகளை 'பியெல்கெமாண்டர்' என்று ஏசும் அளவுக்கு ஒட்டுச்சொல்லாக வேலை செய்கிறது. தமிழில் அது எதனோடும் ஒட்டாது.

என் தேர்வு 'தொகுதித் திரிப்பு'. 'தொகுதித் திரிபு' என்றும் எழுதலாமே என்றால், கூடாது. திரிபு தானாக நேர்வது, இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்கிறோமே அதுபோல. திரிப்பது ஒருவர் வேண்டுமென்றே செய்வது. உண்மையைத் திரித்தார் என்கிறோம், கயிறு திரிக்கிறான் என்கிறோம், இரண்டிலும் செய்தவர் ஒருவர் இருக்கிறார். வினையாகவும் இது எளிதாக வளைந்துகொடுக்கும்: 'தொகுதியைத் திரித்தார்கள்', 'திரித்த தொகுதி', 'திரிக்க முடியாதபடி சட்டம்'. செய்தி எழுதுபவருக்கு இது போதும். முதல் தடவை எழுதும்போது மட்டும் 'ஜெர்ரிமாண்டர் எனப்படும் தொகுதித் திரிப்பு' என்று போட்டுவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தலாம்.