மாசாய் மாராவுக்குக் கிளம்புகிறீர்களா? பெட்டி கட்டும் முன் படியுங்கள்

சென்னையிலிருந்து கென்யாவுக்கும் (மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் அங்கேதான்) தான்சானியாவுக்கும் குழுக்களை அழைத்துப்போவது என் வேலை. டிக்கெட் போட்ட மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். சிங்கம் கண்டிப்பாகத் தெரியுமா, என்ன கேமரா வாங்கலாம், தயிர் கிடைக்குமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பயணத்தையே கெடுக்கக்கூடிய சில விஷயங்களை யாரும் கேட்பதில்லை. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. "மஞ்சள் காமாலை ஊசிதானே, அது எப்பவோ போட்டாச்சு" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது சொல்வார். இரண்டும் வேறு வேறு. இது கொசு பரப்பும் காய்ச்சல். கென்யா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. "கென்யா கேட்கவில்லையே" என்பார்கள். கேட்பது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. அதனால்தான் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்புகிறவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க இங்கே விதி இருக்கிறது.

ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும். இதில் நானே ஒருமுறை கோட்டைவிட்டேன். கென்யாவில் மூன்று நாள், பிறகு சாலை வழியாகத் தான்சானியா என்று திட்டம். கென்யாவிலிருந்து வருகிறவர்களிடம் தான்சானியா அட்டை கேட்கும். எல்லையில் அதிகாரி ஒரு தம்பதியின் அட்டையை விரித்து, தேதியின் மேல் விரலை வைத்து நாள் எண்ணினார். ஏழு. மறுபடியும் எண்ணினார். அதே ஏழு. கிளம்பும் அவசரத்தில் கடைசி வாரம் போட்ட ஊசி. அவர்கள் இருவரும் நைரோபிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, மற்றவர்கள் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவுக்குப் போனோம். அட்டை கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தேன், தேதியைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பேருந்தில் ஏறும்போது என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடமாட்டார்கள், விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2016-லிருந்து இதுதான் விதி. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் பேச வேண்டும். சஃபாரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து பெட்டி. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம். அந்த விமானத்தில் கைப்பை உட்பட 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். சாமான் வைக்கும் அறை அவ்வளவு சிறியது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளேயே போகாது. துணிமணியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கும் பழக்கத்தையும் இந்த ஒரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. கென்யாவின் தேசியப் பூங்காக்களுக்குள் 2020 முதல் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், தங்குமிடத்தில் நிரப்பித் தருவார்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடுகிறார்கள். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தான்சானியாவில் உள்ள ஙொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர், அதாவது நம் ஊட்டியின் உயரம். ஜூலை மாதம் காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் போகும்போது பல் கிட்டித்துவிடும். குல்லாய், ஜெர்கின், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அது கடித்தால் ஜீன்ஸுக்கு மேலேயே வலி தெரியும்.

கேமராவை விட பைனாகுலர் முக்கியம் என்பது என் கருத்து. குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். சிறுத்தை மரத்திலிருந்து இறங்குகிற அந்த அரை நிமிடத்தில் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கென்யாவில் சப்பாத்திக்குப் பெயரே சப்பாத்திதான். முறுக்கு, பொடி எல்லாம் கொண்டுவரலாம். ஆனால் கூடாரத்துக்குள் திறந்து வைக்கக் கூடாது, குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றுவைத்திருக்கின்றன.

சரி, இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயம். வண்டிக்குள் எப்படி இருப்பது என்பது.

ஒரு காலை. கறையான் புற்றின் மேல் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி (சீட்டா) உட்கார்ந்திருந்தது. கீழே புல்லுக்குள் மூன்று குட்டிகள். எங்கள் ஓட்டுநர் தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். அது எங்களைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் கிட்டே போகச் சொல்லுங்க சார், டிப்ஸ் நல்லாத் தர்றோம்" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். போக வேண்டாம் என்றேன். அதற்குள் வேறு இரண்டு வண்டிகள் எங்களைத் தாண்டி நேராகப் புற்றின் அடிக்கே போய் நின்றன. யாரோ விசில் அடித்தார்கள். மான் கூட்டம் தலையைத் தூக்கியது, ஓடிவிட்டது. தாய் கொஞ்ச நேரம் அதே திசையைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. குட்டிகள் பின்னாலேயே போயின, வெறும் வயிற்றோடு.

சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிற விலங்கு. அது வேட்டையாடுகிற நேரமும் நாம் வண்டியில் சுற்றுகிற நேரமும் ஒன்று. மாராவில் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.2. ஐந்து தாய்க்கு ஒரே ஒரு குட்டிதான் தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்த பிறகுதான் புறப்படும் முன்பே குழுவைக் கூட்டி உட்காரவைத்து இதைப் பேச ஆரம்பித்தேன்.

மாராவில் விதி இருக்கிறது: ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். மீறினால் அபராதம் விழுவதும் உரிமத்தை இழப்பதும் ஓட்டுநர். விருந்தாளி திட்டுவாரோ, டிப்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவர் கிட்டே போகிறார். முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "எங்களுக்கு அவசரம் இல்லை, விலங்குக்கு எது சரியோ அப்படி நிறுத்துங்கள்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அந்த மனிதரின் தோள் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர் காட்டுகிற காடே வேறு. எந்தப் பறவை ஏன் கத்துகிறது, காட்டெருமை ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறது என்று அவராகவே சொல்லிக்கொண்டு வருவார். போலே போலே என்பார், மெதுவாக மெதுவாக என்று சுவாஹிலியில் அர்த்தம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காது என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உயரமான இடம், வறண்ட காற்று, புழுதி. மதியத்துக்குள் தலைவலி, மறுநாள் சிறுநீர் எரிச்சல். கூச்சமே வேண்டாம். "டயர் பார்க்கணும்" என்று ஓட்டுநரிடம் சொன்னால் போதும், அங்கே அதற்கு அதுதான் அர்த்தம். அவர் மேடான, புல் குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போகச் சொல்லி, தான் முன்பக்கம் பார்த்து நிற்பார். டிஷ்யூவைக் காகித உறையில் போட்டுத் திரும்ப எடுத்துவந்துவிடுங்கள். அவர் சொல்லாத இடத்தில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். இடுப்பு வலி, முதுகு வலி உள்ளவர்கள் பின்சீட்டைத் தவிர்த்து முன்பக்கம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக மலேரியா. தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த மாத்திரையாக இருந்தாலும் ஊர் திரும்பிய பிறகும் தொடர வேண்டும். சிலவற்றை ஒரு வாரம், சிலவற்றை நான்கு வாரம். வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் வகை, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். திரும்பிவந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், இங்கே டாக்டர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். உட்கார்ந்ததுமே "கென்யா போய்வந்தேன்" என்று சொல்லி, மலேரியா ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.