உள்ளூர்க் குழு: பால்வழியின் சுற்றமும் அதன் பெயரும்

'லோக்கல் குரூப்' என்று வானியலில் சொல்வது நம்முடைய பால்வழியும் அதைச் சுற்றியுள்ள விண்மீன் மண்டலங்களும் சேர்ந்த கூட்டத்தை. தமிழில் அதற்கு 'உள்ளூர்க் குழு' என்ற பெயர் உண்டு. நாகர்கோவிலில் நாலு பேர் நடுவே இதைச் சொன்னால், திருவிழாக் கமிட்டியா, கட்சிக் கமிட்டியா என்று கேட்பார்கள். 'லோக்கல்' என்றே விட்டுவிட்டாலோ அது மட்டமான சரக்கு என்றாகிவிடும். இந்தச் சங்கடத்துக்குப் பயந்து 'அண்மைக் குழு' என்று எழுதத் தோன்றும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் பிசகுகிறது.

பெயரை வைத்தவர் எட்வின் ஹபிள். ஆந்திரொமீடாவில் ஒளி கூடிக் குறையும் செஃபீட் வகை விண்மீன் ஒன்றை 1923இல் கண்டுபிடித்து, ஆந்திரொமீடா பால்வழிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று காட்டியவர் அவர்தான். 1936இல் வெளியான தம் நூலில், தனித்து நிற்கும் ஒரு சின்னக் கூட்டத்தை வரையறுத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். அன்றைய பட்டியலில் ஒரு டஜன் பேர்கூட உறுதியாகத் தேறவில்லை. ஐசி 10 என்ற மண்டலத்தைச் சந்தேகத்தோடு குறித்து வைத்தார். அது உறுப்பினர்தான் என்பது பிறகு உறுதியானது. இன்றைக்கு எண்ணிக்கை 80ஐத் தாண்டிவிட்டது. கூட்டத்தின் குறுக்களவு சுமார் 1 கோடி ஒளியாண்டு.

'லோக்கல்' என்பதன் வேர் லத்தீனில் 'லோகுஸ்', அதாவது இடம். வானியலில் இந்த அடைமொழிக்கு 'பக்கத்தில் உள்ள' என்பது பொருளில்லை, 'நாம் உள்ளே இருக்கிற' என்பதுதான். சூரியனைச் சூழ்ந்துள்ள வாயுக் குமிழியும் லோக்கல், நம் குழுவும் லோக்கல், அதற்கும் மேலே உள்ள பெருங்கூட்டமும் லோக்கல். அளவு மாறும், உள்ளே இருப்பது மாறாது. நம் பேச்சில் 'ஊர்' என்ற சொல் நடந்துகொள்வதும் இப்படித்தான். தக்கலையில் இருப்பவர் 'ஊர்' என்றால் பக்கத்தில் தன் கிராமம். சென்னையில் வேலை பார்க்கும்போது அதே ஆளுக்கு ஊர் என்பது நாகர்கோவில். துபாய்க்குப் போய்விட்டால் 'லீவுக்கு ஊருக்குப் போறேன்' என்பதில் இந்தியாவே அடங்கிவிடும். ஆகவே 'உள்ளூர்' இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. 'அண்மைக் குழு' என்பதை வேறு ஆட்களுக்கு விட்டுவைக்கலாம்: சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் எம்81 குழு போன்றவைதான் உண்மையில் பக்கத்துக் குழுக்கள்.

சரி, உறுப்பினர்கள் யார்? பெரியவை மூன்று: ஆந்திரொமீடா, பால்வழி, முக்கோண மண்டலம் என்கிற எம்33. மற்றவை பெரும்பாலும் குறுமண்டலங்கள். பல இந்தப் பெரியவர்களின் துணைகள். ஆந்திரொமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். பால்வழியின் துணை மண்டலங்களில் பெரிய மெகல்லன் மேகம் 1.6 லட்சமும் சிறிய மேகம் 2 லட்சமும் ஒளியாண்டு தள்ளி இருக்கின்றன. தனுசுக் குறுமண்டலம் இவற்றைவிடக் கிட்டத்தில் இருந்தும் 1994இல்தான் அகப்பட்டது. பால்வழியின் மையத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் யார் கண்ணில் படும்?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் குழு விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. பெரிய மெகல்லன் மேகம் டெல்லியில் ஒருபோதும் உதிப்பதில்லை. சென்னையில் மிஞ்சிப்போனால் 7 பாகை உயரம். குமரிமுனையிலோ 12 பாகை வரை ஏறும்; கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஜனவரி நடுவில், நிலா இல்லாத இரவில், 10 மணி வாக்கில் நேர் தெற்கே பார்க்க வேண்டும். அடையாளம் அகத்திய மீன், அதாவது கனோபஸ். அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் நின்று அகத்தியரைத் தேடுவதில் சிரமம் ஏது? அந்தப் பிரகாசமான மீனுக்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, ஒன்றரை முஷ்டிக்கு மேல் இறங்கினால் பால்வழியிலிருந்து பிய்ந்து வந்த துண்டுபோல மங்கலாக ஒரு திட்டு. சாதாரண மேகம் நகரும், இது விண்மீன்களோடு சேர்ந்துதான் நகரும். 9 மணிக்கே போய்விட்டால், வடமேற்கில் சுமார் 30 பாகை உயரத்தில் ஆந்திரொமீடாவும் இருக்கும். வெறுங்கண்ணால் தெரியும் உள்ளூர் உறவினர் இரண்டு பேரை ஒரே இரவில் பார்த்த மாதிரி.

ஆனால் முனையில் நின்று பார்க்க வேண்டாம். வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் போடும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறை மாதிரி இருட்டான கடற்கரை தேவலை. தெற்கே நகர விளக்கு எதுவும் இல்லை, கடல்தான். எதிரிகள் ஈரக்காற்றின் மூட்டமும் மீன்பிடிப் படகுகளின் விளக்கும். சிறிய மேகம் இன்னும் தாழ்வு, 9 பாகைதான். அதற்கு நவம்பர் கடைசி ஏற்ற காலம். அப்போது இரவு 9 மணிக்கு வடக்கே ஆந்திரொமீடாவும் தெற்கே சிறிய மேகமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் உச்சத்தில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை வானத்தை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், இந்தச் சின்ன மேகத்தைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். அதிலுள்ள செஃபீட்களை ஆராய்ந்துதான் ஹென்ரியட்டா லீவிட் அவற்றின் துடிப்புக் காலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள உறவை 1912இல் வெளியிட்டார். ஹபிள் ஆந்திரொமீடாவின் தூரத்தை அளந்த அளவுகோல் அதுதான்.

இனி 'குழு'. இதில் எனக்குக் குறையே இல்லை. சிலப்பதிகாரத்து ஐம்பெருங்குழு போல, யார் உள்ளே, யார் வெளியே என்ற வரையறை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வானத்துக் குழுவுக்கு அந்த வரையறையைத் தருவது ஈர்ப்பு. பிரபஞ்சம் விரிந்தாலும் இவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. ஆந்திரொமீடா நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 'பக்கத்தில் தெரிகிறது' என்று சேர்த்துக்கொண்டவர்களைப் பிறகு வெளியேற்றியதும் உண்டு. ஐசி 342 அப்படி வெளியே போனது. இத்தாலிய வானியலாளர் பாவ்லோ மாஃபே 1967இல் தூசிக்குப் பின்னால் அகச்சிவப்பில் கண்ட மாஃபே 1, முதலில் நம் குழுதான் என்று கருதப்பட்டது. தூரம் சரியாகத் தெரிந்ததும் அதுவும் அடுத்த குழுவுக்குப் போய்விட்டது.

'கொத்து' வேறு. சில பத்து மண்டலங்கள் சேர்ந்தால் குழு, நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்தால் கொத்து. ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் கொண்ட கன்னிக் கொத்து சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதை நடுவில் வைத்த பெருங்கொத்தின் ஓரத்தில்தான் உள்ளூர்க் குழு. கன்னியின் ஓரத்தில் குடியிருப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லைதான். எழுதும்போது 'உள்ளூர்க் குழு' என்று 'க்' போட்டு எழுதுங்கள். 'கேலக்ஸி'க்குப் 'பால்வெளி' என்று பொதுவாக எழுதுவதையும் தவிர்க்கலாம். கிரேக்கத்தில் 'காலா' என்றால் பால், அதுவரை சரி; ஆனால் தமிழில் பால்வெளி என்றதும் நம் சொந்த மண்டலம்தான் மனதில் வருகிறது. மற்றவற்றுக்கு 'விண்மீன் மண்டலம்' போதும். 'பேரடை' என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.